மீன்வால் படிகம் காட்டிய வழி: ஒரு ஜிப்சம் மூட்டையின் ஆய்வு

தலைஞாயிறு பக்கம் நிலம் வைத்திருக்கும் ஒரு விவசாயி, தன் களர் நிலத்துக்கு வாங்கிய ஜிப்சத்தின் மேல் சந்தேகப்பட்டார். மண் பரிசோதனை அட்டையில் ஜிப்சம் இடச் சொல்லியிருந்தது. வியாபாரி ஒருவர் "சுரங்க ஜிப்சம்" என்று சொல்லி மூட்டைகளை இறக்கிவிட்டுப் போயிருக்கிறார். அவிழ்த்துப் பார்த்தால் தூளைவிடக் கட்டிதான் அதிகம். சாம்பல் நிறக் கட்டிகள். அவற்றின் மேல் பளபளக்கும் சில்லுகள். ஒன்றைப் பெயர்த்து நாக்கில் வைத்தார். கரித்தது. "உப்பக் கொண்டாந்து இறக்கிட்டாங்க தம்பி. ஏற்கெனவே உப்பு ஏறுன மண்ணு. இதையும் போட்டா வயல் என்னத்துக்கு ஆகும்?" என்று கேட்டுக்கொண்டே ஒரு மஞ்சள் பையில் இரண்டு கை அள்ளி எடுத்து வந்தார். நான் கல்லூரியில் பாறைகளையும் கனிமங்களையும் பற்றிய புவியியல் பாடம் நடத்துகிறவன் என்பதால் வந்த வழக்கு இது.

அவர் பயம் நியாயமானது. களர் மண்ணில் களித் துகள்களைச் சோடியம் பிடித்துக்கொண்டிருக்கும். துகள்கள் ஒன்றோடொன்று சேராமல் சிதறி, நிலம் காய்ந்தால் இறுகும், நனைந்தால் குழம்பாகும், தண்ணீர் கீழே இறங்காது. ஜிப்சம் கரைந்து கொடுக்கும் கால்சியம் அந்தச் சோடியத்தைப் பெயர்த்துவிட்டு அதன் இடத்தில் உட்காரும். பெயர்ந்த சோடியம் பாசன நீரோடு வடிகாலில் போய்விடும். ஜிப்சம் என்று நினைத்துச் சோடியம் குளோரைடைக் கொட்டினால் நடப்பது இதற்கு நேர் எதிர். 2004 சுனாமியிலும் 2018 நவம்பரில் கஜா புயலிலும் கடல்நீர் ஏறிப் பட்டபாட்டைக் கண்ட கரை இது. உப்பு என்றால் இங்கே யாரும் சும்மா இருக்க மாட்டார்கள்.

ஆக, மூன்று கேள்விகள். இது ஜிப்சமா? ஆமென்றால் வியாபாரி சொன்னபடி சுரங்கத்திலிருந்து வந்ததா? வயலில் போடலாமா? முதல் இரண்டுக்கும் பதில் கிடைத்தது அந்தச் சில்லுகளின் வடிவத்திலிருந்து. குறிப்பாக, அவை இரட்டைப் படிகங்களாக இருந்ததிலிருந்து. மூன்றாவதுக்கு அது போதவில்லை.

கையில் வைத்துப் பார்த்தது

கட்டிகளில் பெரியது உள்ளங்கை அகலம். அதன் ஒரு பக்கம் சாம்பல் நிறச் சேறு, காய்ந்து ஒட்டியிருந்தது. மறுபக்கம் முழுக்கப் படிகங்கள், நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. ஒவ்வொன்றும் விரல் நகத்தின் நீளம் இருக்கும், தட்டையானவை, நிறமற்றவை. நுனியைப் பார்த்தால் கூராக இல்லை. நடுவில் பள்ளம் விழுந்து இரண்டாகப் பிரிந்திருந்தது. மீனின் வால் எப்படி இரண்டு கிளையாக விரிந்திருக்குமோ, அதே அமைப்பு. அந்தப் பள்ளத்தின் அடியிலிருந்து படிகத்தின் அடிவரை நேராக ஒரு மெல்லிய கோடு ஓடியது. பத்து மடங்கு லென்ஸில் வைத்தால் கோட்டின் இடப்பக்கத்தில் வளர்ச்சி வரிகள் இடப்பக்கமாகச் சரிந்து இறங்கின. வலப்பக்கத்தில் வலப்பக்கமாகச் சரிந்து இறங்கின. சரிவு இரண்டு பக்கமும் ஒன்றே.

அவசரப்பட்டு முடிவுகட்டக் கூடாது என்பதால் வழக்கமான சோதனைகளை முதலில் செய்தேன். அவற்றில் பாதி இந்த மாதிரிக்கு உதவவில்லை. ஏன் என்பதையும் சொல்ல வேண்டும். நகத்தால் கீறினால் கோடு விழுந்தது. கனிமங்களின் கடினத்தைக் குறிக்கும் மோ அளவில் ஜிப்சம் 2. சமையல் உப்பின் கடினம் 2-க்கும் 2.5-க்கும் இடையில். நகம் கிட்டத்தட்ட 2.5. இரண்டையும் நகம் பிரித்துக் காட்டும் என்று நம்ப முடியாது. சுவையும் அப்படித்தான்: உப்பு நீரில் கிடந்து காய்ந்த எந்தக் கல்லை நாக்கில் வைத்தாலும் கரிக்கும். வினிகர் சொட்டினால் நுரை வந்தது; ஆனால் படிகத்தில் வரவில்லை, அடிச் சேற்றில் வந்தது. லென்ஸில் பார்த்தால் சேற்றில் கிளிஞ்சல் பொடி. படிகம் கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமம் இல்லை என்பது அதில் தெரிந்தது. அது என்ன என்பது தெரியவில்லை.

மெல்லிய சில்லு ஒன்றை விளக்குச் சுடரில் இடுக்கியால் பிடித்தபோது ஒளி ஊடுருவுவது போய், வெள்ளையாகி, தகடு தகடாக உதிர்ந்தது. ஜிப்சத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாக, 20.9 சதவீதம், நீர். சூட்டில் அது வெளியேறும்போது இப்படித்தான் ஆகும். இது நல்ல அறிகுறி. ஆனாலும் நீர் அடங்கிய கனிமங்கள் வேறும் இருக்கின்றன. படிகாரமும் சூட்டில் வெளுத்துப் பொங்கும். எனவே மீன்வாலுக்கே திரும்பினேன்.

இரட்டை என்றால் என்ன

இரண்டு படிகங்கள் பக்கத்தில் பக்கத்தில் வளர்ந்து ஒட்டிக்கொள்வது எந்தக் கனிமத்திலும் நடக்கும். அதை இரட்டைப் படிகம் என்று சொல்வதில்லை. இரட்டை என்றால், ஒரு பாதி எந்தத் திசையில் நிற்கிறது என்று தெரிந்தால் மறு பாதி நிற்கும் திசையைக் கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம். ஒரு தளத்தில் பிரதிபலித்தால், அல்லது ஓர் அச்சில் திருப்பினால், ஒரு பாதி மறு பாதியின் மேல் அப்படியே பொருந்தும். அந்தத் தளமோ அச்சோ தற்செயலாக அமைவதில்லை. இரண்டு பாதியின் அணு அடுக்குகளும் கையோடு கை கோத்துக்கொள்ளக்கூடிய திசையாக அது இருக்க வேண்டும். எனவே ஒவ்வொரு கனிமத்துக்கும் அதற்கென்று சில இரட்டை விதிகள்தான் உண்டு.

இதில் ஒரு முக்கியமான நிபந்தனையைப் பலர் கவனிப்பதில்லை. படிகத்துக்கு ஏற்கெனவே இருக்கும் சமச்சீரால் இரட்டை உண்டாகாது. ஜிப்சம் ஒற்றைச்சரிவு வகைப் படிகம், அதாவது அதன் மூன்று அச்சுகளில் ஒன்று சாய்ந்திருக்கும்; அதற்கு ஒரு சமச்சீர்த் தளம் உண்டு. அந்தத் தளத்தில் பிரதிபலித்தால் புதிதாக எதுவும் கிடைக்காது, அதே படிகம்தான் திரும்ப வரும். மீன்வால் உண்டாக வேறொரு தளம் வேண்டும். அந்தத் தளம் முதல் தளத்துக்குச் செங்குத்தாக, படிகத்தின் நீளவாட்டில் போகிறது. நாம் கோடாகப் பார்ப்பது அதன் விளிம்பைத்தான். ஆக, ஓர் இரட்டை விதி நமக்கு இரண்டு செய்தி சொல்கிறது: இந்தக் கனிமத்தின் அணு அடுக்கு எந்தத் திசையில் இணங்கிப் போகும், எந்தச் சமச்சீர் இதனிடம் இல்லை. அடையாளம் காண்பதற்கு இரட்டைப் படிகம் இவ்வளவு உதவுவது இதனால்தான்.

உப்பை எடுத்துக்கொள்ளுங்கள். சோடியம் குளோரைடு கனசதுர வகை. சமச்சீர் அதனிடம் நிறைய இருக்கிறது. புதிதாகச் சேர்க்க அதிகம் மிச்சமில்லை. உப்பு இரட்டையாவது மிக அரிது. பாத்தியில் விளையும் உப்பு கட்டமாகவோ, நடுவில் படிப்படியாகக் குழிந்த கட்டமாகவோ இருக்குமே தவிர மீன்வாலாக இருந்து நான் பார்த்ததில்லை. படிகாரமும் கனசதுர வகைதான், எண்முகமாக வளரும். ஆகவே இந்தக் கட்டியில் இருந்த நுனிகள் உண்மையிலேயே இரட்டைதான் என்று நிறுவிவிட்டால், உப்பு என்ற வாதம் அங்கேயே முடிந்துவிடும்.

அதை நிறுவ முதலில் கோணம். 1669-இல் ஸ்டெனோ என்ற டென்மார்க் அறிஞர் சொன்ன விதிதான்: ஒரே கனிமத்தின் படிகங்கள் பெரிதோ சிறிதோ, நேரானதோ கோணலோ, ஒத்த முகங்களுக்கு இடைப்பட்ட கோணம் மாறாது. கட்டியிலிருந்து உதிர்ந்த தனிப் படிகங்களை வெள்ளைத் தாளில் படுக்க வைத்து நேர் மேலிருந்து படமெடுத்து, நடுக்கோட்டுக்கும் இரண்டு கிளைகளின் விளிம்புகளுக்கும் உள்ள கோணத்தை அளந்தோம். இடப்பக்கம் எவ்வளவோ வலப்பக்கமும் அவ்வளவு. ஒரு படிகத்தில் எவ்வளவோ அடுத்ததிலும் அவ்வளவு. தற்செயலாக ஒட்டியவை என்றால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கோணத்தில் நின்றிருக்கும். அப்படிக் கோணல்மாணலாக ஒட்டியவையும் கட்டியில் சில இருந்தன. அவற்றைத் தனியே ஒதுக்கினோம்.

ஒளியில் வைத்தபோது

என்னைப் பொறுத்தவரை இந்த ஆய்வின் உயிர்நாடி அடுத்த படிதான். இதற்குப் பெரிய கருவி வேண்டாம். செல்போன் திரையிலிருந்து வரும் ஒளி பெரும்பாலும் ஒரே திசையில் அதிரும் ஒளி. திரையை வெள்ளையாக்கி, அதன் மேல் ஒரு போலராய்டு தாளை (ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் தாள்) வைத்துத் திருப்பினால் ஒரு நிலையில் திரை கறுத்துப்போகும். அந்த நிலையில் தாளைப் பிடித்துக்கொண்டு, இரண்டுக்கும் நடுவில் பார்க்க வேண்டியதை வைக்க வேண்டும். பள்ளி மாணவர்கள்கூடச் செய்யலாம்.

மீன்வால் படிகம் ஒன்றைப் பிளேடால் மெல்லப் பிளந்தேன். ஜிப்சத்துக்கு ஒரு திசையில் மிக நல்ல பிளவு உண்டு. தகடு தகடாக வரும். இங்கே கவனிக்க வேண்டியது, நடுக்கோட்டைத் தாண்டியும் தகடு உடையாமல் ஒரே தாளாக உரிந்து வந்தது. காரணம், அந்தப் பிளவுத்தளம் இரட்டைத் தளத்துக்குச் செங்குத்து. பிரதிபலித்தாலும் இடம் மாறாது. இரண்டு பாதிக்கும் பொது. வெறுங்கண்ணுக்கு அந்தத் தகடு ஒரே படிகம் போலத்தான் தெரியும்.

திரைக்கும் தாளுக்கும் நடுவில் அதை வைத்தவுடன் இரண்டு பாதியும் ஒளிர்ந்தன. உப்பாக இருந்தால் எப்படித் திருப்பினாலும் கறுப்பாகவே இருந்திருக்கும். கனசதுரப் படிகம் ஒளியின் அதிர்வுத் திசையை மாற்றாது. ஒப்பிட்டுப் பார்க்க வீட்டுக் கல்லுப்பில் தெளிவான கட்டம் ஒன்றைப் பக்கத்தில் வைத்தோம். அது கறுப்பாகவே கிடந்தது. விவசாயி குனிந்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

அப்புறம் தகட்டை மெதுவாகத் திருப்பினோம். ஜிப்சத்தின் இந்தப் பிளவுத் தகட்டில் ஒளி இரண்டு திசைகளில் அதிரும். நடுக்கோட்டிலிருந்து ஒரு திசை ஒரு பக்கம் ஏறத்தாழ 38 டிகிரியில். மற்றது எதிர்ப்பக்கம் ஏறத்தாழ 52 டிகிரியில். மறு பாதியில் இதே இரண்டும் பக்கம் மாறியிருக்கும். இந்தத் திசைகளில் ஒன்று தாளின் திசையோடு ஒத்துப்போகும்போது அந்தப் பாதி இருளும். கணக்குப்படி நடுக்கோடு தாளின் திசையோடு ஒத்திருக்கும்போது இரண்டு பாதியும் ஒரே பிரகாசத்தில் இருக்க வேண்டும். கோடே மறைந்தது போலத் தோன்ற வேண்டும். அங்கிருந்து 38 டிகிரி திருப்பினால் ஒரு பாதி முழுதாக இருள வேண்டும். இன்னும் 14 டிகிரி திருப்பினால் அது மங்கலாக எழுந்து, மறு பாதி இருள வேண்டும். இரண்டுக்கும் நடுவே, 45 டிகிரியில், இரண்டும் ஒரே அளவு மங்கலாக இருக்க வேண்டும். டிகிரி வட்டம் ஒன்றை அச்சிட்டு வைத்துத் திருப்பியபோது இதே வரிசையில் நடந்தது. கோடு மறைந்தது, ஒரு பக்கம் அணைந்தது, சற்றுத் திருப்பியதும் மறுபக்கம் அணைந்தது.

இந்த 14 டிகிரிக்கு இருக்கும் மதிப்பு எனக்குப் பெரிது. வடிவத்தைப் பார்த்து "மீன்வால், எனவே ஜிப்சம்" என்று சொல்வது படத்தோடு படம் ஒப்பிடுவது. இருளும் கோணங்கள் ஜிப்சத்தின் உள்ளமைப்பிலிருந்து வருபவை. இரட்டை விதியையும் கனிமத்தையும் ஒரே நேரத்தில் உறுதிசெய்கின்றன. முதல் கேள்வி இங்கே தீர்ந்தது. சில்லுகள் ஜிப்சம்.

எந்த மண்ணின் கல்

தமிழ்நாட்டு விவசாயிக்கு ஜிப்சம் பல வழிகளில் வருகிறது. பெரம்பலூர், அரியலூர் பக்கம் டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியக் காலக் களிமண் படுகைகளில் கிடைப்பது ஒன்று; அது பெரும்பாலும் களிக்குள் மெல்லிய நரம்புகளாக, நார் நாராக இருக்கும். பாஸ்பேட் உரம் தயாரிக்கும் ஆலைகளின் துணைப்பொருளாக வருவது இன்னொன்று. அது நைசான தூள். மூன்றாவது, உப்பளங்களில் உப்புக்கு முன்னால் படியும் கடல் ஜிப்சம். மூட்டையில் இருந்தது நாரும் இல்லை, நைசான தூளும் இல்லை. ஆனால் மீன்வால் இருக்கிறது என்பதை மட்டும் வைத்து உப்பளம் என்று சொல்லிவிட முடியாது. களிமண்ணுக்குள் வளரும் ஜிப்சமும் இரட்டையாகலாம். இந்த இடத்தில் உதவியது, மீன்வால்கள் எந்தப் பக்கம் பார்த்து நின்றன என்பது.

இரட்டைப் படிகத்தின் பள்ளத்துக்கு ஒரு தனிக்குணம் உண்டு. தட்டையான முகத்தில் புதிதாக வரும் அணு ஒட்டிக்கொள்ள ஒரு பக்கப் பிடிதான் கிடைக்கும். பள்ளத்தின் மூலையில் இரண்டு பக்கமும் பிடி கிடைக்கும். எனவே அங்கே வளர்ச்சி வேகமாகும். ஒரே கரைசலில் வளரும் ஒற்றைப் படிகங்களைவிட இரட்டைப் படிகங்கள் பெரிதாக இருப்பதைப் பல கனிமங்களில் பார்க்கலாம். தரையில் முளைத்த படிகங்கள் இடத்துக்குப் போட்டி போடும்போது, பள்ளம் மேல்நோக்கி, தண்ணீரைப் பார்த்து இருக்கும் இரட்டைகள் முந்திக்கொள்ளும். சாய்ந்தவை நெருக்கத்தில் நின்றுபோகும். மத்தியதரைக் கடல் சுமார் 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வற்றியபோது படிந்த ஜிப்சப் படுகைகளைச் சிசிலித் தீவில் ஆராய்ந்த மொத்தூரா என்ற சுரங்கப் பொறியாளர் 19-ஆம் நூற்றாண்டிலேயே இதைக் கவனித்தார்: அங்கே மீன்வால்களின் பள்ளம் மேலே பார்த்தே நிற்கிறது. புரண்டு கிடக்கும் பாறையில் எது மேல், எது கீழ் என்று சொல்ல இன்றும் அந்த விதியைப் பயன்படுத்துகிறார்கள்.

நம் கட்டிகளில் எல்லாவற்றிலும் ஒரே கதை. சேறு ஒட்டிய பக்கத்தில் படிகத்தின் அடி. பள்ளங்கள் எல்லாம் அதற்கு எதிர்ப்பக்கம். களிக்குள் வளர்ந்தவை என்றால் இப்படி ஒரே திசை பார்த்து அணிவகுத்திருக்காது. சேற்றுத் தரையில் வேர்விட்டு, மேலே நின்ற உப்பு நீருக்குள் நிமிர்ந்து வளர்ந்த அடுக்கு இது. சேற்றில் கிளிஞ்சல் வேறு இருக்கிறது.

உறுதிப்படுத்திக்கொள்ள அகஸ்தியம்பள்ளி உப்பளத்துக்குப் போனோம். 1930-இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பு அள்ளிய வேதாரண்யம் கரைதான். அங்கே வேலை செய்துகொண்டிருந்த ஓர் அக்காவிடம் கட்டியைக் காட்டினேன். கையில் வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. "இது உப்பு ஆகாதுங்க தம்பி. தண்ணி உப்பு விடுறதுக்கு முன்னாடி இருக்கிற பாத்தியில கீழ ஒட்டிக்கிற கல்லு. காலக் கிழிச்சிடும்" என்றார். கடல்நீர், உப்பு நீரின் அடர்த்தியை அளக்கும் போமே மானியில் 3 டிகிரிக்குச் சற்று மேல் இருக்கும். வெயிலில் சுண்டச் சுண்ட முதலில் சுண்ணாம்பு படியும். 13 டிகிரி வாக்கில் ஜிப்சம் படியத் தொடங்கும். 25 டிகிரியைத் தொட்ட பிறகுதான் உப்பு விளையும். எனவேதான் நீரைப் பாத்தி பாத்தியாக நகர்த்துகிறார்கள். ஜிப்சத்தை முந்தைய பாத்தியிலேயே விட்டுவிட்டு வந்தால் உப்பு சுத்தமாக இருக்கும். அவர் காட்டிய பாத்தியின் ஓரத்தில் நீரை விலக்கிப் பார்த்தேன். தரை முழுவதும் மீன்வால்கள், பள்ளம் மேலே பார்த்து. மூட்டையில் இருந்த அதே அடுக்கு, இன்னும் பெயர்க்காதது.

இரண்டாவது கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டது. சரக்கு போலி இல்லை. ஆனால் சுரங்க ஜிப்சமும் இல்லை. உப்பளத்துத் தரையிலிருந்து சுரண்டி, கழுவாமல் மூட்டை கட்டியது.

சேற்றுக்குள் இருந்த மணல்

இது வழக்குக்குக் கட்டாயம் தேவைப்படவில்லை. ஆனால் அடிச் சேற்றைக் கலக்கி மணலைப் பிரித்தபோது கிடைத்ததைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. இரட்டைப் படிகத்தின் பயன் முழுதாக விளங்குவது அந்த மணலில்தான். துகள்களைக் கண்ணாடித் தகட்டில் கிராம்பு எண்ணெயில் போட்டுக் கல்லூரி நுண்ணோக்கியில் வைத்தோம். கிராம்பு எண்ணெயின் ஒளிவிலகல் எண் குவார்ட்ஸுடையதை ஒட்டியது. அதில் குவார்ட்ஸின் விளிம்பு கிட்டத்தட்டக் கரைந்துபோகும். சாதாரண ஒளியில் நிறமற்ற துகள்கள் எல்லாம் ஒரே மாதிரிதான். மேலும் கீழும் போலராய்டு வைத்து, ஒளி மறையும்படி அவற்றைக் குறுக்காக்கியவுடன் பிரிந்துவிட்டன.

சில துகள்களில் கறுப்பும் வெள்ளையுமாக நேர்க்கோடுகள், ஒன்றுக்கொன்று இணையாக. அது பிளாஜியோகிளேஸ், பாறைகளில் பரவலாக இருக்கும் பெல்ஸ்பார் கனிமங்களில் ஒன்று. ஒரே துகளுக்குள் மெல்லிய தகடுகள் வரிசையாக இரட்டையாகி, ஒன்றுவிட்டு ஒன்று ஒரே நேரத்தில் இருளும். இன்னும் சிலவற்றில் கோடுகள் இரண்டு திசையில் குறுக்கும் நெடுக்குமாக ஓடி, கட்டம் போட்ட கைலி போல இருந்தன. அது மைக்ரோகிளைன், பொட்டாசியம் உள்ள பெல்ஸ்பார். பொட்டாசியம் பெல்ஸ்பார் சூடாக இருக்கும்போது ஒற்றைச்சரிவு வகையாக இருந்து, ஆழத்தில் மெதுவாக ஆறும்போது மூன்று அச்சும் சாய்ந்த முச்சரிவு வகைக்கு மாறியதன் தழும்பு அந்தக் கட்டம். மாறும்போது இழந்த சமச்சீர் ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு பக்கமாகச் சாய்ந்ததால் வந்தது. அப்படி மாறாமல் நின்ற பொட்டாசியம் பெல்ஸ்பாரான ஆர்த்தோகிளேஸில் இந்தக் கோடுகள் வரவே முடியாது. காரணம் மேலே சொன்னதேதான்: பிளாஜியோகிளேஸ் எந்தத் தளத்தில் இரட்டையாகிறதோ, அந்தத் தளம் ஆர்த்தோகிளேஸுக்கு ஏற்கெனவே சமச்சீர்த் தளம். எனவே அதில் பெரும்பாலும் இரண்டே பாதியாகப் பிரிந்த எளிய இரட்டைதான் காணக் கிடைக்கும். கார்ல்ஸ்பாத் விதி என்பது அதற்குப் பெயர்.

கோடு எதுவும் இல்லாத துகள்கள்தான் அதிகம், பெரும்பாலும் குவார்ட்ஸ். மாணவர்கள் இங்கே இரண்டு இடத்தில் இடறுவதைப் பார்க்கிறேன். ஒன்று, குவார்ட்ஸ் இரட்டையாகாது என்று நினைத்துக்கொள்கிறார்கள். குவார்ட்ஸ் நிறையவே இரட்டையாகும். ஆனால் அதன் மிகப் பரவலான இரட்டைகளில் இரு பாதியின் முக்கிய அச்சும் ஒரே திசையில் நிற்பதால் சாதாரணமாக நுண்ணோக்கியில் பிரித்துத் தெரிவதில்லை. தஞ்சாவூருக்குப் பக்கத்தில் வல்லத்தில் கிடைத்த தெளிவான குவார்ட்ஸ் கற்களைச் சாணைபிடித்து மூக்குக் கண்ணாடி செய்தார்கள். அந்த வில்லைகளுக்குள் எத்தனை இரட்டை இருந்தாலும் போட்டுக்கொண்டவருக்கு அது தெரிந்திருக்காது. இரண்டாவது, கோடு இல்லையென்றால் பிளாஜியோகிளேஸ் இல்லை என்று முடிவுகட்டுகிறார்கள். பிளாஜியோகிளேஸ் துகள் தன் இரட்டைத் தளம் தகட்டில் படியும்படி மல்லாந்து கிடந்தால், தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காகிவிடும். மேலிருந்து பார்க்கும் நமக்குக் கோடு தெரியாது. எண்ணெயில் ஊசியால் துகளைப் புரட்டிவிட்டுத்தான் பேச வேண்டும். கோடு தெரிந்தால் அது உறுதியான சாட்சி. தெரியாவிட்டால் அது சாட்சியே இல்லை.

உப்பு எவ்வளவு

மூன்றாவது கேள்விக்கு வருவோம். இரட்டைப் படிகம் அந்தச் சில்லு எந்தக் கனிமம் என்று சொல்லும். மூட்டையில் வேறென்ன எவ்வளவு இருக்கிறது என்று சொல்லாது. இதை விவசாயியிடம் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. ஏனென்றால் "ஜிப்சம்தான்" என்று கேட்டதும் அவர் முகம் தெளிந்து, நாளைக்கே தூவிவிடுவதாகச் சொன்னார்.

படிகங்களுக்கு இடையிலும் சேற்றிலும் உப்பு இருந்தது என்பதை நாக்கே சொல்லிவிட்டது. லென்ஸில் பார்த்தால் மீன்வால்களின் இடுக்கில் சின்னச் சின்னக் கட்டங்கள். போலராய்டுகளுக்கு நடுவில் அவை மட்டும் இருண்டே இருந்தன. பாத்தியில் மிச்சம் நின்ற நீர் காய்ந்தபோது விட்டுப்போன உப்பு. அதை அளக்க மூட்டைச் சரக்கைப் பொடித்து எடைபோட்டு, கழுவி, உலர்த்தி மறுபடி எடைபோட வேண்டும். ஆனால் வெறும் தண்ணீரில் கழுவினால் கணக்குத் தப்பும். லிட்டருக்கு 2 கிராமுக்கு மேல் ஜிப்சமும் கரைந்து போய்விடும். எனவே சுத்தமான ஜிப்சத்தை முந்தின நாளே தண்ணீரில் ஊறப்போட்டு, இனிக் கரையாது என்ற அளவுக்கு நிறைவித்து, அந்தத் தெளிநீரில் கழுவினோம். அதில் ஜிப்சம் கரையாது, உப்பு மட்டும் கரையும். வடிந்த நீரில், உப்பிலுள்ள குளோரைடைக் காட்டிக்கொடுக்கும் சில்வர் நைட்ரேட் ஒரு சொட்டு விட்டதும் தயிர் நிறத்தில் வீழ்படிவு திரண்டது. கடைசிக் கழுவலில் அது வெறும் கலங்கலாகக் குறைந்தது.

எடை குறைந்தது கொஞ்சம்தான். ஆனால் அந்தக் கொஞ்சத்தை வயல் அளவில் பெருக்கிப் பார்க்க வேண்டும். நூற்றுக்கு ஐந்து பங்கு உப்பு என்று வைத்துக்கொண்டால்கூட, ஒரு டன் போடும்போது 50 கிலோ உப்பையும் சேர்த்துத் தூவுகிறோம். வடிகால் நன்றாக இருந்து, ஆற்று நீரோ மழையோ நின்று இறங்கினால் அது போய்விடும். அவருடையது வடியாத தாழ்ந்த நிலம். அங்கே அது தங்கும்.

கட்டியாக இருப்பதும் ஒரு குறைதான். நகம் நீள மீன்வால் வயலில் கிடந்தால் கரைய நாளாகும். கால்சியம் மண்ணுக்குப் போய்ச் சேர வேண்டுமானால் பொடியாக இருக்க வேண்டும். படிகம் பெரிதாக, அழகாக இருப்பது எனக்கு வசதி, அவருக்கு இல்லை.

அவர் எடுத்த முடிவு நான் சொன்னதைவிடச் சிக்கனமானது. சரக்கைத் திருப்பி அனுப்பவில்லை. வயலுக்கு வெளியே, வாய்க்காலில் வடியும்படி சரிவான மேட்டில் கட்டிகளைப் பரப்பிவிட்டார். ஐப்பசி மழை அதன் மேல் பெய்தது. மழைநீரில் ஜிப்சமும் கொஞ்சம் போகும் என்றேன். "போறது போவட்டும் தம்பி, உப்பு போனா போதும்" என்றார். மழை விட்டதும் அதே தெளிநீர்ச் சோதனையை மறுபடி செய்தபோது சில்வர் நைட்ரேட் சொட்டு மெலிதாகத்தான் கலங்கியது. கட்டிகளை உலர்த்தினார். மாவு மில்லில் அரைக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். செங்கல் உடைக்கிற ஆட்களை வைத்து இடித்துச் சலித்தார். வியாபாரியிடம் சுரங்க விலைக்கும் உப்பளத்து விலைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கேட்டிருக்கிறார். பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது. சேறு ஒட்டிய கட்டி ஒன்றையும், இரண்டு பாதியாக இருண்ட அந்தத் தகட்டின் படத்தையும் அவருக்குக் கொடுத்திருக்கிறேன். தேவைப்பட்டால் காட்ட வேண்டியது அதுதான்.